கீசர் வாங்கும் முன்

(பெங்களூருவில் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த புதிய கற்போர் கூட்டத்தில் மின்பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் வயரிங் வேலை செய்பவன். வீடு வீடாகப் போய் விளக்கு, விசிறி, மோட்டார், கீசர் மாட்டுவது என் தொழில். கீசரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் தண்ணீரைத் தொட்டால் கை விறைக்கும். ஊரில் பச்சைத் தண்ணீரில் குளித்தவர்கள்கூட இங்கே வந்து வெந்நீர் கேட்கிறோம். கைக்குழந்தை இருக்கிறது. வயதான அம்மா இருக்கிறார். காலை ஷிப்டுக்குப் போகிறவர் இருக்கிறார். எல்லோருக்கும் ஆறு மணிக்குள் வெந்நீர் வேண்டும்.

விறகு அடுப்பு வைக்க இடம் இல்லை. சமையல் அடுப்பில் தண்ணீர் காய்ச்சினால் சமையல் தாமதம் ஆகிறது. அதனால் கீசர் வாங்க நினைக்கிறோம். கடைக்குப் போகிறோம். கடைக்காரர் பலவகை காட்டுகிறார். நாம் விலையை மட்டும் பார்க்கிறோம். குறைந்த விலையில் இருப்பதை எடுத்து வருகிறோம்.

விலை பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது நம் குளியலறை. ஏன் என்று சொல்கிறேன்.

தொட்டி உள்ள கீசர், தொட்டி இல்லாத கீசர்

முதலில் வகைகளைத் தெரிந்துகொள்வோம்.

ஒன்று, தொட்டி உள்ள கீசர். இதில் 10, 15 அல்லது 25 லிட்டர் தண்ணீர் நிற்கும். மின்சாரத்தில் சூடாகும். சுவிட்சு போட்டு 15, 20 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இரண்டு, மின்சார இன்ஸ்டன்ட் கீசர். இதில் பெரிய தொட்டி கிடையாது. உள்ளே 1 லிட்டர் அல்லது 3 லிட்டர்தான் பிடிக்கும். தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து, சூடாகி, மறுபக்கம் வந்துகொண்டே இருக்கும்.

மூன்று, கேஸ் கீசர். இதிலும் தொட்டி இல்லை. குழாயைத் திறந்தால் உள்ளே தீப்பொறி வரும். சமையல் கேஸ் பற்றி எரியும். அந்த நெருப்பின் மேல் வளைந்து செல்லும் குழாயில் தண்ணீர் ஓடிச் சூடாகும்.

இரண்டாவதும் மூன்றாவதும்தான் தொட்டி இல்லாத கீசர்கள். காத்திருக்க வேண்டாம், இடம் குறைவு, விலையும் குறைவு என்பதால் வாடகை வீடுகளில் இவற்றை அதிகம் மாட்டுகிறார்கள். இன்று இந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

ஒரு வாளி வெந்நீருக்கு என்ன செலவு?

“எந்தக் கீசர் வைத்தால் கரண்டு பில் குறையும்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாருங்கள், கணக்குப் போடுவோம்.

ஒரு வாளி என்றால் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி. குளிக்க 40 டிகிரி போதும். ஆக, 20 டிகிரி ஏற்ற வேண்டும்.

இதற்கு மின்சாரம் எவ்வளவு வேண்டும்? மூன்று வாளிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். ஒரு யூனிட் விலை 6 ரூபாய் என்றால், ஒரு வாளிக்கு 2 ரூபாய்.

ராடு போட்டுச் சுட வைத்தாலும் இதே கணக்குத்தான். தொட்டிக் கீசரிலும் இன்ஸ்டன்ட் கீசரிலும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். தண்ணீர் தனக்கு வேண்டிய சூட்டை எடுத்துக்கொள்ளும். எந்தக் கருவி கொடுக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. தொட்டிக் கீசரின் சுவிட்சை நாள் முழுவதும் போட்டு வைத்தால், தண்ணீர் ஆறும், மறுபடி சுடும், மறுபடி ஆறும். அங்கே மின்சாரம் வீணாகும். இன்ஸ்டன்டில் அந்த வீண் செலவு இல்லை. தொட்டிக் கீசரையும் குளிக்கும் முன் போட்டு உடனே நிறுத்திவிட்டால் வீண் செலவு மிகக் குறைவு.

இப்போது கேஸ். ஒரு வாளித் தண்ணீருக்குச் சுமார் 35 கிராம் கேஸ் செலவாகும். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. ஆக, ஒரு சிலிண்டரில் சுமார் 400 வாளி வெந்நீர் கிடைக்கும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாளிக்கு 2 ரூபாய் 25 காசு.

நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 120 வாளி ஆகும். மின்சாரம் என்றால் 40 யூனிட், 240 ரூபாய். கேஸ் என்றால் 270 ரூபாய். வித்தியாசம் மாதம் 30 ரூபாய்தான். உங்கள் சிலிண்டர் விலையையும் யூனிட் விலையையும் வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கர்நாடகத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு கர்நாடக அரசு ‘க்ருஹ ஜோதி’ என்ற இலவச மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 200 யூனிட் வரை என்று அறிவித்தார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பழைய பயன்பாட்டை ஒட்டித் தனி வரம்பு உண்டு. கீசர் வைத்தால் மாதம் 40 யூனிட் கூடும். உங்கள் வரம்பைத் தாண்டுமா என்று பில்லைப் படித்துப் பாருங்கள்.

ஆக, வாளிக் கணக்கில் பெரிய லாப நஷ்டம் இல்லை. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? அதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

மின்சார இன்ஸ்டன்ட் கீசர்

நன்மைகளை முதலில் சொல்கிறேன். சுவரில் சிறிய இடம் போதும். விலை குறைவு. சுவிட்சு போட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்நீர் வரும். நெருப்பு இல்லை, புகை இல்லை.

குறைகள் நான்கு.

முதல் குறை, அது மிக அதிகமான மின்சாரத்தை ஒரே நேரத்தில் இழுக்கும். பெரும்பாலான இன்ஸ்டன்ட் கீசர்கள் 3000 வாட். ஒரு விசிறி 75 வாட். அப்படியானால் ஒரு கீசர் 40 விசிறிக்குச் சமம்! 13 ஆம்பியர் மின்சாரம் கம்பியில் ஓடும். விளக்குக்குப் போட்ட மெல்லிய கம்பி அதைத் தாங்காது. கம்பி சூடாகும், மேலுறை உருகும், தீப்பிடிக்கும். கீசருக்கு மெயின் பெட்டியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போடுவது நல்லது. 16 ஆம்பியர் பெரிய பிளக்கு வேண்டும். செல்போன் சார்ஜ் போடும் சின்னப் பிளக்கில் கீசரை மாட்டவே கூடாது.

இரண்டாவது குறை, வெந்நீர் மெதுவாக வரும். நம் ஊர்க் குளிருக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர்தான் நல்ல சூட்டில் கிடைக்கும். ஒரு வாளி நிரம்ப 7 நிமிடம். நான்கு பேருக்கு அரை மணி நேரம். தில்லி, சிம்லா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் தண்ணீர் 10 டிகிரிக்கு வந்துவிடும். அங்கே ஒரு வாளிக்குப் பத்து நிமிடத்துக்கும் மேலாகும். அங்கு தொட்டிக் கீசரே பொருத்தம்.

மூன்றாவது குறை, வோல்டேஜ் குறைந்தால் சூடும் குறையும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால், கீசர் ஐந்தில் மூன்று பங்கு வேலைதான் செய்யும். காலையில் தெருவே கீசர் போடும் நேரத்தில் இது நடக்கும்.

நான்காவது குறை ஷாக் அபாயம். ஈரக் கையும் மின்சாரமும் சேரும் இடம் குளியலறை. அதனால் எர்த் கம்பி கட்டாயம் வேண்டும். பிளக்கில் மூன்று ஓட்டை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பின்னால் கம்பி கட்டியிருக்க வேண்டும். அந்தக் கம்பி மண்ணில் புதைத்த எர்த் வரை போக வேண்டும். வயர்மேனை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்த உடனே தானாக நிறுத்தும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. மெயின் பெட்டியில் அதை மாட்டுவது வீட்டில் உள்ள எல்லோருக்கும் பாதுகாப்பு.

பழக்கம் ஒன்றும் சொல்கிறேன். வாளி நிரம்பியதும் சுவிட்சை நிறுத்துங்கள். பிறகு குளியுங்கள். சுவிட்சு குளியலறைக்கு வெளியே இருப்பது நல்லது.

கேஸ் கீசர்

இதற்கும் நன்மைகள் உண்டு. அதனால்தான் இத்தனை பேர் வாங்குகிறார்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் சாதாரணமாகக் கிடைக்கிறது. இரண்டரை நிமிடத்தில் ஒரு வாளி நிரம்பும். கரண்டு போனாலும் வேலை செய்யும். தீப்பொறிக்கு இரண்டு டார்ச்சு பேட்டரி போதும். வீட்டில் பழைய வயரிங் என்றாலும் கவலை இல்லை.

சின்னக் குறைகள் சில உண்டு. மாடித் தொட்டி உயரமாக இல்லாவிட்டால் தண்ணீர் வேகம் போதாமல் தீ பற்றாது. போர் தண்ணீரின் உப்பு குழாயில் படிந்து அடைக்கும். சமையலுக்கு வைத்த சிலிண்டர் சீக்கிரம் தீரும்.

பெரிய குறை ஒன்று உண்டு. அது உயிரை எடுக்கும் குறை.

வாசனை இல்லாத விஷக்காற்று

நெருப்பு எரியக் காற்று வேண்டும். விளக்கின் மேல் செம்பைக் கவிழ்த்தால் விளக்கு அணைந்துவிடும் அல்லவா? காற்றில் உள்ள ஆக்சிஜன் குறைந்தால் நெருப்பு சரியாக எரியாது. கேஸ் கீசரின் நெருப்பு நம் சமையல் அடுப்பைவிடப் பல மடங்கு பெரியது. சிறிய குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதை எரித்தால், அறையில் உள்ள ஆக்சிஜன் வேகமாகக் குறையும். அப்போது கேஸ் அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரியும்போது ஒரு விஷக்காற்று உண்டாகும். அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு.

அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. கண் எரியாது. இருமல் வராது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் நமக்கு நாற்றம் தெரியும். தெரிய வேண்டும் என்றே கம்பெனியில் வாசனைப் பொருள் கலக்கிறார்கள். ஆனால் கேஸ் எரிந்து உண்டாகும் இந்த விஷக்காற்றில் அந்த நாற்றமும் இருக்காது.

நம் இரத்தம் நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை எடுத்து உடம்பெங்கும் கொண்டுபோகிறது. ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த விஷக்காற்றை இரத்தம் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடம் இல்லாமல் போகும். மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது.

முதலில் தலை வலிக்கும். தலை சுற்றும். குமட்டும். கை கால் தளரும். “வெளியே போகலாம்” என்று நினைக்கும்போது கால் நடக்காது. தாழ்ப்பாளைத் திறக்கக் கை எழாது. உள்ளே விழுந்துவிடுவார்கள். வெளியே இருப்பவர்களுக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். “இன்னும் குளிக்கிறாள்” என்று நினைப்பார்கள்.

இப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்தி பெங்களூருவிலும் மும்பையிலும் தில்லியிலும் குளிர்காலத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. பிழைத்தவர்களில் சிலருக்கு ஞாபக மறதியும் கை கால் நடுக்கமும் வருவதுண்டு. குளியலறையில் விழுந்தவருக்கு வலிப்பு நோய் என்று நினைத்து மாத்திரை சாப்பிடுவதும் நடக்கிறது. உண்மைக் காரணம் சுவரில் தொங்கும்.

இந்த ஆபத்து புதியது அல்ல. ஐஸ்லாந்து என்ற குளிர்நாட்டில் பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அதன் பெயர் கெய்சிர். அதிலிருந்துதான் கீசர் என்ற சொல் வந்தது. 1868-ஆம் ஆண்டு லண்டனில் பெஞ்சமின் மாகன் என்பவர் கேஸில் எரியும் வெந்நீர்க் கருவியைச் செய்து அதற்குக் கீசர் என்று பெயர் வைத்தார். அந்தக் கருவியில் எரிந்த காற்றை வெளியே கொண்டுபோகும் குழாய் இல்லை. அதனால் அது ஆபத்தானது என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் புகைக்குழாய் வைத்தார்கள். இத்தனை ஆண்டு ஆன பிறகும் புகைக்குழாய் இல்லாத கீசரை நாம் குளியலறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

கேஸ் கீசர் ஏற்கெனவே இருந்தால்

“வாடகை வீடு. ஓனர் ஏற்கெனவே மாட்டி வைத்திருக்கிறார். என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கேஸ் கீசர் இருக்க வேண்டிய இடம் குளியலறைக்கு வெளியே. திறந்த பால்கனி, துணி துவைக்கும் இடம், காற்றோடும் வெளிச்சுவர், இவை சரியான இடம். அங்கிருந்து வெந்நீர்க் குழாய் மட்டும் குளியலறைக்குள் வர வேண்டும். கண்ணாடி போட்டு மூடிய பால்கனி திறந்த இடம் அல்ல. குளியலறை ஜன்னலுக்கு நேர் கீழேயும் மாட்டக் கூடாது. சிலிண்டரும் வெளியேதான் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

மாற்றும் வரை இப்படிச் செய்யுங்கள்:

கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து வாளியை நிரப்புங்கள். நிரம்பியதும் கீசரை அணையுங்கள். சிறிது நேரம் காற்றோட விடுங்கள். பிறகு உள்ளே போய்க் குளியுங்கள். கீசர் எரியும்போது கதவைச் சாத்திக்கொண்டு ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது.

ஒருவர் பின் ஒருவராகக் கீசரை விடாமல் எரிக்கக் கூடாது.

குளிர்காற்று வருகிறது என்று வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்கக் கூடாது. இதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். அடைத்தவர்கள் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று பயந்து அடைக்கிறார்கள். சளியைவிடப் பெரிய ஆபத்து அங்கே இருக்கிறது.

புகை விசிறி ஓடினால் போதும் என்று நம்பக் கூடாது. வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் விசிறியால் பயன் குறைவு. சில கீசர்கள் 20 நிமிடத்தில் தானே அணையும். அது நல்ல வசதி. ஆனால் சிறிய அறையில் 20 நிமிடத்துக்குள்ளேயே ஆபத்து வரலாம்.

நெருப்பு நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால், கரி படிந்தால், உடனே நிறுத்துங்கள். தெரிந்தவரை அழைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

யாராவது மயங்கி விழுந்தால்

முதலில் கதவைத் திறக்க வேண்டும். குளியலறையில் தனியாகக் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்திக்கொள்ளும்படி வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள். தாழ்ப்பாள் போட்டிருந்தால் கதவை உடைக்கத் தயங்காதீர்கள்.

மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போங்கள். கேஸை மூடுங்கள். விழுந்தவரை இழுத்துக்கொண்டு உடனே வெளியே வாருங்கள். உள்ளேயே நின்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் காப்பாற்றப் போனவரும் விழுவார்.

திறந்த வெளியில் படுக்க வையுங்கள். துணியைத் தளர்த்துங்கள். 108 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் முதல் வார்த்தையாக, “கேஸ் கீசர் எரிந்த குளியலறையில் விழுந்தார்” என்று சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவருக்குக் காரணம் புரியும். உடனே ஆக்சிஜன் கொடுப்பார்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஓனருக்கு ஒரு கடிதம்

நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றிருக்கிறீர்கள். அது இங்கே பயன்படும். வாயால் சொன்னதை ஓனர் மறந்துவிடலாம். எழுதிக் கொடுத்தால் கையில் இருக்கும். இப்படி எழுதுங்கள்:

“மதிப்பிற்குரிய அய்யாவுக்கு வணக்கம். நாங்கள் உங்கள் வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறது. அறை சிறியது. காற்றோட்டம் குறைவு. கீசர் எரியும்போது உயிருக்கு ஆபத்தான காற்று அறையில் சேரும். எனவே கீசரை வெளியே மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். செலவைப் பற்றி நேரில் பேசலாம். இப்படிக்கு, தங்கள் குடித்தனக்காரர்.”

ஓனருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லிக் கன்னடத்தில் எழுதச் சொல்லுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். சில மீட்டர் குழாயும் ஒரு நாள் கூலியும்தான் செலவு. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

யார் வீட்டுக்கு எது?

திறந்த பால்கனி இருக்கிறது, குடும்பம் பெரியது, கரண்டு அடிக்கடி போகிறது என்றால், வெளியே மாட்டிய கேஸ் கீசர் வைக்கலாம்.

குளியலறை சிறியது, வெளியே இடமும் இல்லை என்றால், கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம். எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். மின்சாரக் கீசர் போதும்.

வயரிங் நன்றாக இருக்கிறது, இரண்டு மூன்று பேர்தான் என்றால், மின்சார இன்ஸ்டன்ட் பொருத்தம்.

நான்கைந்து பேர் அடுத்தடுத்துக் குளிக்க வேண்டும், மெயின் லோடு குறைவு என்றால், 15 லிட்டர் தொட்டிக் கீசர் பொருத்தம். அது பெரும்பாலும் 2000 வாட். கம்பிக்குச் சுமை குறையும். ஒருமுறை சுட்ட தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் இரண்டு வாளி கிடைக்கும்.

சொந்த வீடு, மொட்டை மாடி உங்களுடையது என்றால், சூரிய வெந்நீர்க் கருவி வைக்கலாம். முதலில் செலவு அதிகம். பிறகு வெயில் உள்ள நாளெல்லாம் வெந்நீர் இலவசம்.

வாங்கும்போது பெட்டியையும் கருவியையும் படியுங்கள். எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். எத்தனை லிட்டர், எத்தனை வாட் என்று பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிக் கீசர் என்றால் நட்சத்திர முத்திரையும் பாருங்கள். நட்சத்திரம் கூடினால் சூடு வீணாவது குறையும். பில்லும் வாரண்டி அட்டையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

பேச்சு முடிந்ததும் சிலர் கேள்வி கேட்டார்கள். அவையும் பதில்களும் இங்கே:

“அண்ணா, நாங்கள் ராடுதான் போடுகிறோம். அது தப்பா?”

தப்பு இல்லை தங்கச்சி. செலவும் அதேதான். ஆனால் கவனம் வேண்டும். இரும்பு வாளி, அலுமினிய அண்டா வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் ராடு ஓரத்தைத் தொடாமல் தொங்க வேண்டும். தண்ணீரில் வைத்த பிறகு சுவிட்சு போட வேண்டும். சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைக்காதே.

“குளித்துவிட்டு வந்தால் எனக்குத் தலை வலிக்கிறது. எங்கள் வீட்டில் கேஸ் கீசர்தான். ஈரத் தலையால் என்று நினைத்தேன்.”

அம்மா, இன்றே அதை நிறுத்துங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் அப்படி இருக்கிறதா என்று கேளுங்கள். டாக்டரிடம் போய் கீசரைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தத் தலைவலி ஓர் எச்சரிக்கையாக இருக்கலாம்.

“குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. பழகிவிட்டது.”

பழகக் கூடாது பெரியவரே! மின்சாரம் கசிகிறது. மெயினை அணைத்துவிட்டு வயர்மேனை அழையுங்கள். சரி செய்யும் வரை அந்தக் கீசரைப் போட வேண்டாம்.

“என் மகன் தில்லியில் வேலை செய்கிறான். குளிருக்கு அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்குகிறார்களாம்.”

அதுவும் இதே விஷக்காற்றுதான் பாட்டி. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கவே கூடாது. இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள்.

“கேஸ் நாற்றம் வந்தால் என்ன செய்வது?”

ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு ஜன்னலைத் திறங்கள். எந்தச் சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். வெளியே வந்து 1906 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இந்த எண் இந்தியா முழுவதும் ஒன்றுதான்.

“கைக்குழந்தைக்கு எவ்வளவு சூடு வைக்கலாம்?”

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். பிறகு வெந்நீரைக் கலந்து, முழங்கையை விட்டுப் பாருங்கள். தொட்டிக் கீசரில் தண்ணீர் 60 டிகிரி வரை போகும். அது குழந்தையின் தோலைச் சில நொடிகளில் சுட்டுவிடும்.

நினைவில் வைப்போம்

எந்தக் கருவியில் சுட்டாலும் ஒரு வாளி வெந்நீரின் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

மின்சாரக் கீசருக்குத் தடித்த தனிக் கம்பி, பெரிய பிளக்கு, எர்த் வேண்டும்.

கேஸ் கீசரின் இடம் குளியலறைக்கு வெளியே.

உள்ளே இருந்தால் வாளியை நிரப்பி, கீசரை அணைத்து, பிறகு குளிக்க வேண்டும்.

வெண்டிலேட்டரை அடைக்கக் கூடாது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குளியலறையைப் பாருங்கள். காற்று வரும் வழி எது, போகும் வழி எது என்று பாருங்கள். அட்டை வைத்து அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லுங்கள்.